டூரிங் பைக்ல ஸ்பீக்கர், ஆம்ப் மாத்தப் போறீங்களா? காசைக் கொட்டுறதுக்கு முன்னாடி காதைக் கேளுங்க!

பார்க்கிங்ல நிக்கும்போது பாட்டு அள்ளுது. பேஸ்கூட ஓரளவுக்கு வருது. அதே பைக் ஹைவே ஏறி 100 கி.மீ வேகத்தைத் தொட்டதும், பாடகர் எங்கேயோ பக்கத்துத் தெருவுல பாடுற மாதிரி ஆகிடுது. வால்யூமைக் கூட்டினா கரகரப்பு. இன்னும் கூட்டினா அது பாட்டு மாதிரியே இல்லை.

ஹார்லி டேவிட்சன் ஸ்ட்ரீட் கிளைடு, ரோடு கிளைடு, ஹோண்டா கோல்ட்விங் மாதிரி ஆடியோ சிஸ்டத்தோடு வரும் டூரிங் பைக் வெச்சிருக்கிற பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. உடனே நண்பர்கள் வட்டத்திலிருந்து வரும் முதல் அட்வைஸ், "பெரிய ஆம்ப் ஒண்ணு போட்ரு ப்ரோ!" என்பதுதான்.

கொஞ்சம் பொறுங்க. பைக் ஆடியோவைப் பொறுத்தவரை ஆம்ப்ளிஃபையர் கடைசியா வர வேண்டிய ஐட்டம். வரிசை மாறினா முதல்ல பர்ஸ் அடிவாங்கும், அடுத்து பேட்டரி, கடைசியில் காது. முதல் ரெண்டையும் திரும்ப வாங்கிடலாம். மூணாவதுக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது!

பைக்குக்குள்ள பாட்டு வந்த கதை

இந்தக் கலாசாரத்தின் தாய்வீடு அமெரிக்கா. ஹார்லியின் எலெக்ட்ரா கிளைடு பைக்குக்கு 1969-ல் 'பேட்விங்' ஃபேரிங் வந்தது. வௌவால் இறக்கையை விரிச்ச மாதிரி ஹேண்டில்பாருக்கு முன்னால் நிற்குமே, அதேதான். காற்றைத் தடுக்க வந்த அந்த ஃபேரிங்தான் பிற்பாடு ரேடியோவுக்கும் ஸ்பீக்கருக்கும் இடம் கொடுத்தது. 1980-ல் ஹோண்டா தன்னுடைய கோல்ட்விங் இன்டர்ஸ்டேட் மாடலுக்கு ஆடியோ சிஸ்டத்தை ஆப்ஷனாகக் கொடுத்தது. 2018 கோல்ட்விங்கில் ஆப்பிள் கார்பிளே வந்தது. மோட்டார் சைக்கிளில் அந்த வசதி வந்தது அதுதான் முதல் முறை.

2021-ல் ஹார்லி, கார் ஆடியோ உலகில் பிரபலமான ராக்ஃபோர்டு ஃபாஸ்கேட் நிறுவனத்தோடு கைகோத்து ஸ்பீக்கர், ஆம்ப் என ஒரு தனி வரிசையையே கொண்டு வந்தது. 2024-ல் புதுசா வந்த ஸ்ட்ரீட் கிளைடும் ரோடு கிளைடும் கம்பெனியிலிருந்தே 200 வாட் ஆம்ப்போடு வெளியே வந்தன.

அமெரிக்காவில் மட்டும் ஏன் இவ்வளவு மவுசு? அங்கே புளோரிடாவின் டேட்டோனா, தெற்கு டகோட்டாவின் ஸ்டர்ஜிஸ்னு ஆயிரக்கணக்கான பைக்குகள் கூடும் திருவிழாக்கள் 1930-களிலிருந்தே நடக்கின்றன. அந்த ரெண்டு மாநிலங்களிலும் ஒரு குறிப்பிட்ட வயதைத் தாண்டியவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் இல்லை. (புளோரிடாவில் மருத்துவக் காப்பீடு இருக்கணும்னு ஒரு நிபந்தனை உண்டு.) வெறும் தலையோடோ அரை ஹெல்மெட்டோடோ ஓட்டுறவருக்கு ஃபேரிங் ஸ்பீக்கர் நேரா காதுல கேட்கும். ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் போடும் நமக்கு அதே ஸ்பீக்கர் அப்படிக் கேட்காது. அமெரிக்க வீடியோவைப் பார்த்து ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதை மனசுல வெச்சுக்கோங்க.

எதிரி யாரு? காத்து!

பைக்கின் வேகம் கூடும்போது, ஹெல்மெட்டைச் சுற்றி அடிக்கும் காற்றின் சத்தமும் வேகமாகக் கூடும். ஹெல்மெட்டையும் விண்ட்ஷீல்டையும் பொறுத்து இது மாறும்னாலும், 60 கி.மீ வேகத்தில் காதருகே சுமார் 90 டெசிபல், 100 கி.மீ வேகத்தைத் தாண்டும்போது 100 டெசிபலை ஒட்டி என்பது தோராயமான கணக்கு. பாட்டு தெளிவா கேட்கணும்னா இந்த இரைச்சலோடு அது போட்டி போடணும்.

இப்போ டெசிபல் கணக்கைப் பாருங்க. ஆம்ப்பின் பவரை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். காதுக்கு 'டபுள் சத்தம்' மாதிரி தோணணும்னா சுமார் 10 டெசிபல் கூடணும். அதுக்குப் பத்து மடங்கு பவர் வேணும். அதாவது 25 வாட் இருந்த இடத்தில் 250 வாட்! 25-லிருந்து 50 வாட்டுக்கு மாறினவர் "பெருசா வித்தியாசமே தெரியலையே"ன்னு புலம்புறது இதனாலதான்.

முதல் வேலை: காத்தைக் குறைங்க

காற்று இரைச்சலை 5 டெசிபல் குறைக்க முடிஞ்சா, அது ஆம்ப் பவரை மூணு மடங்கா ஏத்தினதுக்குச் சமம். ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டாம்.

விண்ட்ஷீல்டின் உயரம்தான் இங்கே விஷயம். ஷீல்டின் மேல் விளிம்பைத் தாண்டி வரும் காற்று சுழன்று சுழன்று வரும். அந்தச் சுழல் சரியா ஹெல்மெட் மேல வந்து மோதினா, ஷீல்டு இல்லாத பைக்கைவிட அதிக சத்தம் கேட்கலாம். ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. ஆள் இல்லாத ரோட்டில் சீரான வேகத்தில் போகும்போது லேசா நிமிர்ந்து பாருங்க, அப்புறம் லேசா குனிஞ்சு பாருங்க. குனிஞ்சதும் சத்தம் சட்டுனு அடங்குதுன்னா, உங்க உயரத்துக்கு அந்த ஷீல்டு குட்டை. கொஞ்சம் உயரமான ஷீல்டு, அல்லது ஓரத்தில் கொஞ்சம் வளைவு உள்ள ஷீல்டு மாத்தினாலே பழைய ஸ்பீக்கர் புதுசு மாதிரி பாடும்.

அடுத்தது இயர் பிளக். "பாட்டு கேட்கத்தானே செலவு பண்றோம், காதை அடைச்சுக்கிட்டு என்ன பண்றது?"ன்னு தோணும். இயர் பிளக் காற்றையும் பாட்டையும் சேர்த்தேதான் குறைக்கும். ஆனா, பேரிரைச்சலில் திணறிக்கிட்டிருந்த காது இப்போ நிதானமா வேலை செய்யும். பாட்டு வரிகள் முன்பைவிடத் தெளிவா புரியும். நம்பலைன்னா ஒரு ரைடு போட்டுப் பாருங்க.

ஸ்பீக்கர்: வாட்டைப் பார்க்காதீங்க, சென்சிட்டிவிட்டியைப் பாருங்க

ஸ்பீக்கர் பெட்டி மேல '300 வாட்'னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க. அது பெரும்பாலும் 'பீக்' பவர். கண் இமைக்கும் நேரத்துக்குத் தாங்கும் அளவு. நீங்க பார்க்க வேண்டியது 'ஆர்எம்எஸ்' வாட். தொடர்ந்து தாங்கும் அளவு அதுதான்.

அதைவிட முக்கியமானது சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தா எத்தனை டெசிபல் வருதுங்கிற கணக்கு இது. 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் வரும் சத்தம், 93 டெசிபல் ஸ்பீக்கருக்கு 25 வாட் கொடுத்தாலே வந்துடும். நல்ல ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தா, ஆம்ப் வாங்கும் வேலையே மிச்சமாகலாம்.

இன்னும் கவனிக்க வேண்டியவை:

அளவு: ஃபேரிங்கில் பொதுவா 5.25 இன்ச் அல்லது 6.5 இன்ச். பைக்கின் மாடல், வருஷம் ரெண்டையும் சொல்லிக் கேளுங்க. விட்டம் சரியா இருந்தாலும் ஆழம் இடிக்கலாம். பின்னாடி இருக்கும் காந்தம் மீட்டரிலோ வயரிலோ முட்டக் கூடாது.

ஓம்: கம்பெனி ஸ்பீக்கர் 4 ஓமா, 2 ஓமான்னு முதல்ல பாருங்க. 4 ஓம் மட்டுமே தாங்கும் யூனிட்டில் 2 ஓம் ஸ்பீக்கரை மாட்டினா, அது சூடாகி பாதுகாப்புக்காகத் தானே ஆஃப் ஆகும். இல்லைன்னா எரியும்.

மழை, வெயில்: கார் ஸ்பீக்கர் காருக்குள்ள பத்திரமா இருக்கும். பைக் ஸ்பீக்கர் நேரா மழையில் நனையும், வெயிலில் காயும். படகுகளுக்காகத் தயாரிக்கும் மரைன் ரக ஸ்பீக்கரோ, பைக்குக்கென்றே வரும் ஸ்பீக்கரோதான் சரிப்படும். காகிதக் கூம்பு இருந்தா வேண்டாம்.

எடை: பேட்விங் ஃபேரிங் ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பும். அங்கே ஏத்துற ஒவ்வொரு கிலோவையும் உங்க கைதான் சுமக்கும். நியோடிமியம் காந்தம் உள்ள ஸ்பீக்கர்கள் எடை குறைவு. ரோடு கிளைடில் ஃபேரிங் சட்டத்தோடு பிணைஞ்சு இருக்கறதால இந்தக் கவலை குறைவு.

'பேஸ் எங்கே பாஸ்?'

ஸ்பீக்கரின் முன்பக்கமும் பின்பக்கமும் எதிரெதிர் அலைகளை உருவாக்கும். வீட்டு ஸ்பீக்கரில் பின்பக்க அலையை ஒரு மூடிய பெட்டி தடுத்து நிறுத்திடும். பைக் ஃபேரிங்கில் அப்படிப் பெட்டி கிடையாது, சுத்தி இடைவெளிகள்தான். பின்பக்க அலை கசிஞ்சு முன்னாடி வந்து, தாழ்ந்த ஒலிகளை அழிச்சிடும். போன பேஸ் அங்கேதான் போகுது.

அதனால ஸ்பீக்கரைச் சுற்றி நுரை கேஸ்கெட் ஒட்டுங்க. ஸ்பீக்கர் வளையத்தில் இடைவெளி இருந்தா அடைங்க. செலவு குறைவு, பலன் அதிகம். ஆனா, கார் சப்வூஃபர் மாதிரி நெஞ்சு அதிரும் பேஸை ஃபேரிங்கிலிருந்து எதிர்பார்க்காதீங்க. ஹைவே வேகத்தில் காற்று முதல்ல விழுங்குறதும் தாழ்ந்த ஒலிகளைத்தான்.

பின்பக்கப் பெட்டி மூடியில் ஸ்பீக்கர் வைக்கும் ஃபேஷனும் இருக்கு. ரேலியில் நிறுத்தி வெச்சுப் பாட்டு போட அது சூப்பர். ஓடும்போது அந்தச் சத்தம் ஓட்டுறவருக்குப் பின்னாடியே போயிடும், பின்சீட்டில் இருப்பவருக்குத்தான் ஓரளவு லாபம். லக்கேஜ் இடமும் குறையும். மூடி வழியா தண்ணீர் இறங்காம பார்த்துக்கிறதும் ஒரு வேலை.

இப்போ வாங்க, ஆம்ப்புக்கு!

காற்று குறைஞ்சாச்சு, ஸ்பீக்கர் மாத்தியாச்சு, கசிவு அடைச்சாச்சு. இன்னும் போதலையா? இப்போ ஆம்ப் நியாயம். ஃபேரிங் மட்டும்னா 2 சேனல் போதும். பின்பக்கமும் வேணும்னா 4 சேனல்.

'கிளாஸ் டி' வகை ஆம்ப் மட்டும் பாருங்க. பேட்டரியிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் 80 சதவிகிதத்துக்கு மேல ஸ்பீக்கருக்கே போயிடும். பழைய 'கிளாஸ் ஏபி' வகை கிட்டத்தட்ட பாதியைச் சூடாக்கியே வீணடிக்கும். சின்னதா, எடை குறைவா, சூடு குறைவா இருக்கும் கிளாஸ் டி ஆம்ப்தான் காற்றோட்டம் இல்லாத ஃபேரிங்குக்குள் தாங்கும்.

கணக்கு போடலாம். 200 வாட் ஆர்எம்எஸ் ஆம்ப், 80 சதவிகிதத் திறன். முழு பவரில் பேட்டரியிடம் கேட்பது 250 வாட். இன்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் சுமார் 13.8 வோல்ட். அப்படின்னா 18 ஆம்பியர். பாட்டு எப்பவும் உச்சத்தில் இருக்காது என்பதால் சராசரி இதில் மூணில் ஒரு பங்கோ, அதுக்கும் கீழேயோதான். ஹார்லியின் பெரிய டூரிங் பைக்குகளில் சார்ஜிங் சிஸ்டம் 50 ஆம்பியர் வாக்கில் தரும் என்பதால் ஓடும்போது சமாளிச்சிடும். ஐடிலிங்கில் அந்த அளவு கிடைக்காது.

உண்மையான ஆபத்து, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுப் பாட்டு போடும்போதுதான். டூரிங் ஹார்லியின் பேட்டரி 28 ஆம்பியர் அவர். ஆம்ப், ஸ்க்ரீன், லைட் எல்லாம் சேர்ந்து சராசரியா 10 ஆம்பியர் எடுத்தாலே, ஒன்றரை மணி நேரத்தில் பாதி காலி. 350 கிலோவை ஒட்டிய எடையுள்ள பைக்கைத் தள்ளி ஸ்டார்ட் பண்றதை நினைச்சுப் பாருங்க!

இந்தக் கணக்கு 350 சிசி பைக்கில் ஆம்ப் வைக்க நினைக்கிறவங்களுக்கு இன்னும் முக்கியம். அங்கே பேட்டரியும் சின்னது, சார்ஜிங்கும் குறைவு.

வயரிங்: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

பைக் ஆடியோவில் தீப்பிடிக்க வாய்ப்புள்ள இடம் இதுதான். அதனால் விதிகளில் சமரசம் கூடாது.

ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், 45 செ.மீ தூரத்துக்குள் இருக்கணும். ஃபியூஸ் காப்பாத்துறது வயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆனா, தடுக்க எதுவும் கிடையாது.

வயர் முழுத் தாமிரமா இருக்கணும். அலுமினியத்தின் மேல தாமிரம் பூசின வயர் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனா, அதே தடிமனில் குறைவான மின்சாரத்தைத்தான் தாங்கும். அதிர்விலும் ஈரத்திலும் சீக்கிரம் கெடும்.

ஆம்ப்பின் கிரவுண்டு வயரை நேரா பேட்டரியின் நெகட்டிவுக்குக் கொண்டு வாங்க. பெயின்ட் அடிச்ச போல்ட்டில் மாட்டினா, இன்ஜின் சுத்துறதுக்கு ஏத்த மாதிரி ஸ்பீக்கரில் 'ஊஊய்'னு ஒரு சத்தம் சேர்ந்து பாடும்.

பேட்விங் பைக்கில் ஹேண்டில்பாரை முழுசா இடது பக்கமும் வலது பக்கமும் திருப்பிப் பார்த்துட்டு வயரைக் கட்டுங்க. இழுக்கவும் கூடாது, நசுங்கவும் கூடாது. வேலை ஆரம்பிக்கும்போது பேட்டரியின் நெகட்டிவைத்தான் முதல்ல கழட்டணும். முடிச்சதும் அதைக் கடைசியா மாட்டணும்.

ட்யூனிங்: பலரும் மறக்கும் பாதி வேலை

கம்பெனி ரேடியோக்கள் பலவற்றில், சின்ன ஸ்பீக்கரைக் காப்பாத்த வால்யூம் ஏற ஏற பேஸைக் குறைக்கும் செட்டிங் உள்ளேயே இருக்கும். அதைக் கழட்டாம புது ஆம்ப் வெச்சா, பழைய தப்பையே சத்தமாக் கேட்பீங்க. ஹார்லியின் 'பூம் பாக்ஸ்' ரேடியோக்களில் இதை மாத்த டீலரிடம் சாஃப்ட்வேர் 'ஃபிளாஷ்' பண்ண வேண்டியிருக்கும். இல்லைன்னா அதைச் சரிக்கட்டும் டிஎஸ்பி உள்ள ஆம்ப் வேணும்.

ஆம்ப்பில் 'ஹை பாஸ் ஃபில்டர்'னு ஒண்ணு இருக்கும். அதை 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரைக்கும் வைங்க. சின்ன ஸ்பீக்கரால் முடியாத பேஸை அதுகிட்ட கேட்காம விட்டாலே மீதி எல்லாம் தெளிவாகும்.

'கெயின்' திருகு வால்யூம் இல்லை. ரேடியோவை முக்கால் வால்யூமில் வெச்சு, கெயினை மெதுவா ஏத்துங்க. கரகரப்பு ஆரம்பிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி நிறுத்துங்க. அதுக்கு மேல திருகினா ஒலி அலையின் தலை வெட்டுப்படும். முதல்ல சாகுறது ட்வீட்டர்.

காதுக்கு எவ்வளவு நேரம் தாங்கும்?

அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ், சத்தத்துக்கு ஒரு நேரக்கணக்கு வெச்சிருக்கு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும்.

85 டெசிபல்: 8 மணி நேரம்
88 டெசிபல்: 4 மணி நேரம்
91 டெசிபல்: 2 மணி நேரம்
94 டெசிபல்: 1 மணி நேரம்
97 டெசிபல்: 30 நிமிடம்
100 டெசிபல்: 15 நிமிடம்

ஒரு நாள் முழுக்க இதுதான் கோட்டா. ஹைவே வேகத்தில் காற்று மட்டுமே இந்தக் கோட்டாவை அரை மணி நேரத்தில் தீர்த்துடும். அதுக்கு மேல பாட்டையும் ஏத்தினா? ரைடு முடிச்சு ஹெல்மெட்டைக் கழட்டின பிறகும் 'ஙொய்ங்'னு ஒரு சத்தம் கேட்குதுல்ல, அது உள்காதில் இருக்கும் நுண்ணிய முடி செல்கள் அடிவாங்கியதன் அடையாளம். செத்த செல் மறுபடி முளைக்காது. ஆம்ப் பவருக்கு உச்ச வரம்பு எதுன்னு கேட்டா, பேட்டரியைச் சொல்றதுக்கு முன்னாடி காதைத்தான் சொல்லணும். ஆம்புலன்ஸ் சைரனும் பின்னாடி வர்ற லாரியின் ஹாரனும் கேட்காத அளவுக்குப் பாட்டு இருந்தா, அது காதோடு நிற்கிற பிரச்னையும் இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

டேட்டோனா இருக்கும் அதே புளோரிடாவில், வண்டியின் பாட்டு 25 அடி தூரத்தில் தெளிவாகக் கேட்டாலே அபராதம் போடலாம். இந்தியாவில், ஆர்சியில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். அதே அளவில் ஸ்பீக்கரை மாத்துறது ஆர்சியைத் தொடாது. ஃபேரிங்கை வெட்டி வேற உருவம் கொடுக்குறது வில்லங்கம்.

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இருக்கும் இடத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். சட்டத்தை விடுங்க, சிக்னலில் பக்கத்து ஆட்டோவில் இருக்கும் கைக்குழந்தைக்கு உங்க பிளேலிஸ்ட் தேவையில்லைதானே?

வாரன்டி பற்றியும் ஒரு வார்த்தை. வயரிங்கில் கை வைக்கும் முன், எதுவரைக்கும் செய்தா வாரன்டி நிற்கும்னு டீலரிடம் எழுத்து மூலமா வாங்கிடுங்க. வாய்வார்த்தை கிளெய்ம் நேரத்தில் கைகொடுக்காது.

ஹெல்மெட்டுக்குள்ளேயே பாட்டு!

நீங்க ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் போட்டு, தனியா ஓட்டுறவரா? அப்படின்னா ஃபேரிங் அப்கிரேடைவிட, கார்டோ, சேனா மாதிரி புளூடூத் இன்டர்காம் உங்களுக்குச் சரியா இருக்கலாம். ஸ்பீக்கர் காதுக்கு ஒரு விரல் தூரத்தில் இருக்கும். அதனால் சில வாட் கூட வேண்டாம். பைக் பேட்டரிக்கும் வேலை இல்லை, வயரை வெட்டவும் வேண்டாம், பைக் மாறினாலும் கூடவே வரும். காதுக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் வால்யூமில் மட்டும் இன்னும் கூடுதல் கவனம் வேணும்.

ஆக, வரிசை இதுதான்

1. விண்ட்ஷீல்டு உயரம், நல்ல ஹெல்மெட், இயர் பிளக்
2. அதிக சென்சிட்டிவிட்டி உள்ள, மழை தாங்கும் ஸ்பீக்கர்
3. ஃபேரிங் கசிவை அடைக்கும் நுரை கேஸ்கெட்
4. ரேடியோ ஈக்வலைசர், ஃபில்டர் செட்டிங்
5. இவ்வளவுக்குப் பிறகும் தேவைன்னா, கிளாஸ் டி ஆம்ப்

ஒவ்வொரு படியையும் முடிச்சதும் ஒரு 50 கி.மீ ரைடு போய்க் கேட்டுட்டு அடுத்த படிக்கு வாங்க. நிறைய பேர் மூணாவது படியிலேயே "இது போதும்பா"ன்னு நின்னுடுவாங்க. மிச்சமாகுற ஆம்ப் காசுக்கு பெட்ரோல் போட்டா, இன்னொரு லாங் ரைடு போயிட்டு வந்துடலாம்!